சயனைட் மேட்டு நீலம்

என் தொழில் ஒரு தப்பில் தொடங்கியது. ஊரே அந்தத் தப்பைப் பார்த்துக் கைதட்டியது. அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

கேமராவுக்கு வெள்ளை எது என்று தெரியாது. காலை வெயில் ஒரு நிறம், உச்சி வெயில் ஒரு நிறம், கல்யாண மண்டபத்து விளக்கு வேறொரு நிறம். நம் கண் இதையெல்லாம் தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும். கேமராவுக்கு நாம்தான் ஒரு சாம்பல் நிற அட்டையைக் காட்டி, ‘இதில் எந்த நிறமும் இல்லை, இதை வைத்து மற்றதை அளந்துகொள்’ என்று சொல்ல வேண்டும். ஒயிட் பேலன்ஸ் என்று பெரிதாகச் சொல்வது இவ்வளவுதான். நாம் காட்டுகிற சாம்பலில் கொஞ்சம் மஞ்சள் கலந்திருந்தால், கேமரா நம்மை நம்பி, படம் முழுவதிலிருந்தும் அந்த அளவு மஞ்சளை எடுத்துவிடும். அதற்குச் சந்தேகப்படத் தெரியாது.

என்னிடம் அப்போது அட்டை இல்லை. சயனைட் மேடு இருந்தது.

தங்கம் எடுப்பதற்காகப் பாறையை மாவாக அரைத்து, சயனைட் தண்ணீரில் அலசி, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடுகள் அவை. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், கேஜிஎஃப் என்கிற எங்கள் கோலார் தங்கவயலில் எங்கே நின்றாலும் ஒன்று கண்ணில் படும். ஆடிக் காற்றில் அந்த மண் எங்கள் வீட்டுச் சோற்றுப் பானை வரைக்கும் வரும். பள்ளிக்கூடத்தில் ஊரை வரையச் சொன்னால் மேட்டுக்கு எல்லோரும் சாம்பல் நிறக் கிரேயானைத்தான் எடுப்போம். டீச்சரும் சரி என்றுதான் மார்க் போடுவார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே.

மூன்று வருஷம் மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய், ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் மற்றவர்களுடைய விபத்துகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு வேலையை விட்டேன். அப்பா ஹரோல்ட் கத்தவில்லை. அவர் கத்துகிற ரகம் இல்லை. சமையலறைக் காலண்டரில் கிறிஸ்துமஸ் தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

“அதுக்குள்ள உனக்குன்னு ஒரு பேரு வரணும் பியூலா. வரலன்னா மறுபடியும் ட்ரெயின் ஏறிடும்மா,” என்றார்.

தினமும் நான் காபி குடிக்கிற இடத்துக்கு நேர் எதிரே அந்த வட்டம். அந்த ரயிலில் மறுபடி ஏற எனக்கு மனமில்லை. இரண்டு மாதம் போயும் ஒரு ஞானஸ்நானமும் ஒரு பிறந்த நாளும்தான் கிடைத்திருந்தன.

ஆடி கடைசியில் வாணி வந்தாள். ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில், எங்கள் லைன் வீடுகளிலேயே நாலு வீடு தள்ளி அவர்கள் வீடு. எனக்கு மூன்று வயது சின்னவள். என் பழைய பள்ளிக்கூட யூனிஃபார்மை வாங்கிப் போட்டுக்கொண்டு வளர்ந்தவள். நந்திதுர்க் பக்கத்துப் பையன் பிரதாப்போடு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

“முழு கல்யாணமும் நீங்கதான்க்கா எடுக்கணும். மொதல்ல மேட்டுல ப்ரீ-வெட்டிங். பெங்களூர்லேர்ந்து வந்து எடுத்துனு போறாங்க, நம்ம ஊர்லயே பொறந்துட்டு நாம எடுக்கலன்னா எப்புடி?”

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உண்மையில் கட்டிக்கொண்டேன்.

படம் எடுக்கப் போன அன்றைக்குக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. மேட்டில் பாதி ஏறியதுமே வாணி உட்கார்ந்துவிட்டாள். எழுந்து பத்து அடி ஏறுவாள், மறுபடி உட்காருவாள். பிரதாப் வாங்கி வந்த முட்டை பப்ஸைத் தொடக்கூட இல்லை. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, பழுப்பாக இருந்த எதையோ மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

“இன்னா வாணி இது? கஷாயமா?”

“ஸ்லிம் ஆவறதுக்குக்கா. பவுடரு. ஆன்லைன்ல வாங்கினேன், எல்லாம் மூலிகைதான். மூஞ்சியும் பளபளன்னு வருமாம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

சொல்லமாட்டேன் என்றேன். கல்யாணப் பெண்கள் பட்டினி கிடப்பது எனக்குப் புதிதா என்ன? சற்று நேரம் கழித்து அவள் ஒரு பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து சிரித்தாள். கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று கசக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கும்தான் விழுந்தது. நான் கவலைப்பட்டது வெளிச்சத்தைப் பற்றி. அதற்கு முந்தின வாரம்தான் ஞானஸ்நானப் படங்களைப் பார்த்து, ‘குழந்தை ஏன் இவ்வளவு மஞ்சளாக இருக்கிறது’ என்று அந்தக் குழந்தையின் அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தாள். இந்தத் தடவை மஞ்சள் என்ற பேச்சே வரக் கூடாது.

ஆகவே மேட்டின் சரிவைக் கேமரா நிறையக் காட்டி, ‘இதுதான் சாம்பல்’ என்று பதியவைத்தேன். பிறந்ததிலிருந்து அதுதானே எனக்குச் சாம்பல்.

திரையில் பார்த்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. மேடு வெள்ளி மாதிரி நின்றது. வானம் அடர்ந்து இறங்கியிருந்தது. பிரதாப்பின் வெள்ளைச் சட்டையில் லேசாக நீலம் ஓடியது. வாணியின் மாநிறம் இரண்டு படி வெளுத்து, கண்கள் பளிச்சென்று இருந்தன. வாணி கேமராவைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, “அய்யோ அக்கா, நானா இது?” என்று கத்தினாள். அங்கேயே தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ராபர்ட்சன்பேட்டையில் ஆல்பம் போடுகிற லேபுக்குப் போனேன். லேபில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர் விநாயக். பங்காருபேட்டைக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். படத்தைத் திறந்த உடனே மூக்கைச் சுளித்தார்.

“ஏனிது மேடம்? மாப்பிள்ளை சட்டைக்கு நீலம் ஜாஸ்தி ஆயிடுச்சா? எதைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வெச்சீங்க?”

“சயனைட் மேட்ட.”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு விநாயக் என் கேமராப் பையைக் கவிழ்த்துத் தட்டினார். மடிப்புகளில் தங்கியிருந்த மண், மேசையில் கிடந்த சாம்பல் அட்டைமேல் கொட்டியது. அட்டை சாம்பலாக இருந்தது. மண் மஞ்சளாக இருந்தது.

“உங்க ஊர்க்காரங்களுக்குத்தான் இது சாம்பல்,” என்றார். “ரா ஃபைல் வெச்சிருக்கீங்கல்ல? அதுல கேமரா பார்த்தது பார்த்தபடியே இருக்கும். வீட்டுக்குப் போய் சரி பண்ணிக்குங்க.”

ரா ஃபைல் இருந்தது. சரிசெய்யும் எண்ணமும் இருந்தது. ஆனால் வீடு வருவதற்குள் வாணி படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டாள். ‘செம்ம கலர்’, ‘யாரு போட்டோகிராபர்’, ‘கேஜிஎஃப் ப்ளூ’ என்று வரிசையாக வந்து விழுந்தன. அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பேர் என் நம்பரைக் கேட்டார்கள். மூன்று பேருக்கும் அதே கலர் வேண்டும். நான் ரா ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு மூடிவைத்தேன். ஓர் அட்டையும் வாங்கிக்கொண்டேன். அப்பா காலண்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை காலையில் நலங்கு. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். வாணி வீட்டு வாசலில் பந்தல் போட்டு அவளை மணையில் உட்காரவைத்திருந்தார்கள். மூன்று நாளாகவே காலையும் மாலையும் மஞ்சள் பூசுகிறார்களாம். முகம், கழுத்து, கை, கால் எல்லாம் மஞ்சள். எங்கள் வீட்டில் நலங்கு கிடையாது. சர்ச்சில் அதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மஞ்சள் எதுவரைக்கும் ஏறும், எத்தனை நாளில் இறங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அட்டையை வாணி கையில் கொடுத்து ஒரு படம் எடுத்து, கேமராவுக்குச் சரியான சாம்பலைக் காட்டினேன். எல்லா நிறமும் இருக்க வேண்டியபடி வந்தது. வாழைமரம் பச்சை, வாணியின் அம்மா சரோஜம்மாவின் புடவை அரக்கு, கோலம் வெள்ளை. வாணியின் கண்கள் மட்டும் வெள்ளையாக இல்லை. கருவிழியைச் சுற்றி, பழுத்த எலுமிச்சைத் தோலின் நிறம். மறுபடியும் அட்டையைக் காட்டினேன். மறுபடியும் அதே. இடம் மாறி நின்றேன். அதே.

“கண்ணுல மஞ்சள் பட்டுடுச்சா வாணி?”

“தெரியலக்கா.” குரல் எங்கோ இருந்தது. “சொரண்டினே இருக்கணும் போல கீது. உடம்பெல்லாம் அரிப்பு.”

அடுத்த வீட்டுத் தங்கம்மா, முன்பு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர், மஞ்சள் பூசுகிற சாக்கில் வாணியின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சரோஜம்மா சட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டார். அவ்வளவு பெண்களுக்கு நடுவில் அது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நான் லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கண்களில் மட்டும் மஞ்சளைக் குறைக்க ஒரு வழி உண்டு. அரை நிமிஷ வேலை. முதல் படத்தில் குறைத்தேன். இரண்டாவதில் குறைத்தேன். மூன்றாவதில் என் கை நின்றது. மஞ்சளைக் கன்னத்தில் பூசுவார்கள், காலில் பூசுவார்கள். கண்ணுக்குள் யார் பூசுவார்கள்?

மூடிவைத்த ஃபோல்டரைத் திறந்தேன். மேட்டில் எடுத்த படங்கள், நலங்குக்கு மூன்று வாரத்துக்கு முந்தியவை. அப்போது ஒரு துளி மஞ்சள்கூட யாரும் பூசவில்லை. ரா ஃபைலில் வெள்ளையை நாம் எப்போது வேண்டுமானாலும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கலாம். பிரதாப்பின் வெள்ளைச் சட்டைமேல் மவுஸை வைத்து, ‘இதுதான் வெள்ளை’ என்று அழுத்தினேன்.

வெள்ளி மேடு ஒரே நொடியில் மஞ்சள் மண்ணாகிவிட்டது. வானம் சாதாரண வானமானது. சட்டை வெளுத்தது. பிரதாப்பின் கண்கள் எல்லோருடைய கண்களையும் போல வெள்ளையாக இருந்தன. அவன் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்த வாணியின் கண்கள் மஞ்சளாக இருந்தன. ஒரே வெயில், ஒரே லென்ஸ், ஒரே படம். பிழை கேமராவில் இல்லை, அட்டையில் இல்லை, நலங்கிலும் இல்லை.

நான் பயந்துபோனேன். பாட்டிலில் இருந்த பழுப்புத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் நாலு வீடு ஓடினேன்.

உள்ளே பிரதாப்பின் அம்மா வந்திருந்தார். சீர்த் தட்டுகளோடு இன்னும் இரண்டு பெண்கள். தங்கம்மா மூலையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்.

“வா பியூலா,” என்றார் சரோஜம்மா. “இன்னா, இந்த வெயில்ல? காபி குடிக்கிறியா?”

“வாணி எங்க ஆன்ட்டி?”

“தூங்கினு கீறா. மூணு நாளா தூக்கம்தான். கல்யாணக் களைப்பு.”

“ஒரு வாட்டி டாக்டர்கிட்ட காட்டிடலாமே ஆன்ட்டி. கண்ணு கொஞ்சம் மஞ்சளா கீற மாதிரி…”

தங்கம்மா நாரைக் கீழே வைத்தார். “நான் சொன்னேன்ல சரோஜா? மூணு வாரமா சொல்லினே கீறேன். ரத்தம் டெஸ்ட் பண்ணுன்னு.”

“பொண்ணுக்கு ஒடம்பு ஏதாவது முடியலியா சம்பந்தி?” என்று மெதுவாகக் கேட்டார் பிரதாப்பின் அம்மா.

சரோஜம்மாவின் முகம் எப்படி மாறியது என்பதை நான் படம் எடுக்கவில்லை. எடுக்காமலேயே நினைவிருக்கிறது. இதற்கு முன் ஒரு வரன் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு முறிந்துபோன வீடு அது.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நலங்கு வெச்சா மஞ்சளாத்தான் இருக்கும்,” என்றபடி போனை எடுத்தார். “தங்கம்மா சொன்னப்போ எனக்கும் பயம்தான், இல்லேன்னு சொல்லல. அன்னிக்குத்தான் பியூலா எடுத்த போட்டோ வந்துது. பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன். இத்த பாருங்க. கண்ணு எவ்ளோ வெள்ளையா கீது! போட்டோ பொய் சொல்லுமா? இத்தப் பாத்தப்புறம்தான் எனக்கு உசுரே வந்துது. ஆஸ்பத்திரி வேணாம்னு விட்டுட்டேன்.”

என் படத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினார். வெள்ளி மேடு, நீலம் ஓடிய சட்டை, பளிச்சென்ற கண்கள்.

நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ‘அந்தப் படம் தப்பு ஆன்ட்டி.’ இன்னொரு வாக்கியமும் இருந்தது: ‘அவள் ஒரு பவுடர் குடிக்கிறாள்.’ இரண்டும் வாய்க்குள் தயாராக இருந்தன.

“ஓ, அந்த போட்டோ எடுத்த பொண்ணு நீதானா?” என்று பிரதாப்பின் அம்மா என் பக்கம் திரும்பினார். “எங்க பொண்ணு இந்துவுக்குத் தையில கல்யாணம் வெச்சிருக்கோம்மா. இதே கலர்ல எடுத்துக் குடுக்கணும். சொந்தக்காரங்க எல்லாம் உன்னத்தான் கேக்கறாங்க.”

“நீயே சொல்லு பியூலா,” என்றார் சரோஜம்மா. “இதுல நல்லாத்தானே கீறா?”

காலண்டரில் இருந்த வட்டம் தெரிந்தது. விடியற்கால ரயில் தெரிந்தது. என் படம் தப்பு என்று இந்த அறையில் நான் சொன்னால், சாயங்காலத்துக்குள் நந்திதுர்க் முழுக்கத் தெரிந்துவிடும். கல்யாணத்தைக் கெடுத்த பெண், கலர் தெரியாத பெண். கேஜிஎஃப் ப்ளூ என்பது ஒரு முட்டாளின் தவறு என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

“ஆமா ஆன்ட்டி,” என்றேன்.

தங்கம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நாரை மறுபடி எடுத்தார். அவருக்கு என்மேல் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குழம்பிப்போயிருந்தார். அவ்வளவு வருஷம் வார்டில் பார்த்த தன் கண்ணையே சந்தேகப்படுகிறவர் மாதிரி இருந்தார்.

வாணியிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அறையை எட்டிப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். தலைமாட்டில் அந்தப் பாட்டில், பாதி காலி. எழுப்பவில்லை. முகூர்த்தம் முடியட்டும், திங்கட்கிழமை நானே பைக்கில் கூட்டிக்கொண்டு போகிறேன், இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது? இப்படியெல்லாம் யோசிக்க எனக்கு நன்றாகவே வந்தது. மூன்று வருஷம் விபத்துகளைப் பதிவுசெய்த ஆபீஸில் இருந்தவள். எந்த விபத்தும் சொல்லிவிட்டு வருவதில்லை என்பது எனக்கு மட்டும் தெரியாதா?

சனிக்கிழமை ரிசப்ஷனில் அட்டையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கேமராவில் ஒயிட் பேலன்ஸைக் குறிக்கும் எண்ணைக் கையாலேயே கீழே இறக்கினேன், படம் நீலத்துக்குப் போகும்வரை. வாணியின் கண்கள் வெளுக்கும் இடம் வந்ததும் நிறுத்தினேன். மேட்டில் நடந்தது அறியாமை. இதற்கு நான் பெயர் வைக்கவில்லை. மேடைக்குப் பக்கத்தில் என் படங்கள் ஓடிய பெரிய திரையை எல்லோரும் பார்த்து, பெண் என்ன லட்சணம் என்றார்கள். வாணி அடிக்கடி கண்ணை மூடினாள். பிரதாப் அவள் முழங்கையைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டே இருந்தான்.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு முகூர்த்தம். தாலி கட்டும்போது மிக நெருக்கத்தில் நின்றேன். மேளம் காதைப் பிளந்தது. வாணி நிமிர்ந்து நேராக என் லென்ஸைப் பார்த்தாள்.

“நீங்க யாரு?” என்றாள். “எதுக்கு என்ன போட்டோ எடுத்துனே கீறீங்க?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கல்யாணப் பெண் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். என் பழைய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வளர்ந்தவள், இருபது வருஷம் என்னை அக்கா என்று கூப்பிட்டவள். அவளுக்கு நிஜமாகவே நான் யார் என்று தெரியவில்லை. என் கையிலிருந்து கேமரா நழுவி, பட்டையில் தொங்கியது.

அக்கினியைச் சுற்றிவரும்போது இரண்டாவது சுற்றில் உட்கார்ந்தாள். மறுபடி எழவில்லை.

கோலாருக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து பெங்களூருக்கு. வண்டியில் ஏற்றும்போதுதான் பிரதாப்பிடம் பவுடரைப் பற்றிச் சொன்னேன். சரோஜம்மா தங்கம்மாவின் மடியில் மயங்கிக் கிடந்ததால் அவர் காதில் விழவில்லை. ஆறாம் நாள் வாணி போய்விட்டாள். ஈரல் முழுக்கக் கெட்டுவிட்டதாம். பிரதாப் போனில் ஒரே ஒரு விஷயம் சொன்னான், அழாமல் சொன்னான்.

“கண்ணு மஞ்சள் ஆன அன்னிக்கே அந்தப் பவுடர நிறுத்தியிருந்தா பொழச்சிருப்பான்னு டாக்டர் சொல்றாரு மேடம். மூணு வாரம் டைம் இருந்திருக்குது. எங்க யாருக்கும் தெரியாம போச்சு.”

அவன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சரோஜம்மாவிடம் இந்த மூன்று வாரக் கணக்கை யாரும் சொல்ல வேண்டாம், திடீர் வியாதி என்று மட்டும் சொல்லியிருக்கிறோம் என்றான். நல்ல பையன்.

அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டு வாணியின் அப்பா சௌந்தரராஜன் வந்தார். மேட்டில் எடுத்த படம்தான் வேண்டும், அதில்தான் பிள்ளை தெளிவாக இருக்கிறாள் என்றார். லேபில் விநாயக் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, “இதையாவது சரி பண்ணட்டுமா மேடம்?” என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். லைன் முனையில், குழாயடிக்குப் பக்கத்தில் பேனர் கட்டினார்கள். ஆவணி வெயிலில் அந்த நீலம் தெரு முழுக்கத் தெரிந்தது.

அதைப் பார்த்தும் இரண்டு பேர் என் நம்பரைக் கேட்டார்கள். அப்பா காலண்டரில் அந்த வட்டத்தை அடித்துவிட்டார். நான் பார்க்கட்டும் என்று நன்றாக அழுத்தி அடித்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். கூட்டம் கலைந்தபின் சரோஜம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். சுவரில் அதே படம், மாலை போட்டு. கீழே விளக்கு. தங்கம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

“தெனமும் உன் போட்டோவத்தான் பாத்துனு கீறேன் பியூலா,” என்றார் சரோஜம்மா. “அது மட்டும் இல்லேன்னா நான் பைத்தியமாயிருப்பேன். தங்கம்மா சொன்னத அன்னிக்கே கேட்டிருக்கலாமோ, நான்தான் என் புள்ளைய கொன்னுட்டேனோன்னு தோணும். ஒடனே இத்தப் பாப்பேன். கண்ணு எவ்ளோ வெள்ளையா கீது! அன்னிக்கு அவளுக்கு ஒண்ணுமே இல்ல. அப்புறம் திடீர்னுதானே வந்திருக்குது? பெத்தவ என்னால பண்றதுக்கு ஒண்ணும் இல்லதானே?” என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீ கிட்டயிருந்து பாத்தவ. நீ சொல்லும்மா. அன்னிக்கு நல்லாத்தானே இருந்தா?”

வாசற்படியிலிருந்து தங்கம்மா திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று அவரும் காத்திருந்தார்.

“ஆமா ஆன்ட்டி,” என்றேன்.

சரோஜம்மா என் தலையில் கை வைத்து, நீ நல்லா இருப்பே என்று வாழ்த்தினார். அந்தக் கையின் நகங்களில் கல்யாண மஞ்சள் இன்னும் முழுக்கப் போகவில்லை.